பட்ஜெட், ஸ்லிம், பிசினஸ்: யாருக்கு எந்த லேப்டாப்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்வில முக்காவாசி லேப்டாப் பத்தித்தான். அதனால பிரிண்டர், வைஃபை எல்லாம் கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க, உங்களது அடுத்த இதழ்ல.

கேள்வி: சார், பொண்ணு காலேஜ் சேர்றா, லேப்டாப் பாக்கப் போனோம். மூணு லேப்டாப் காட்டுறாங்க, மூணுலயும் ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. ஆனா ஒல்லியா இருக்குறது ஒன்றரை மடங்கு விலை, பிசினஸ் மாடல்ங்கறது ரெண்டு மடங்கு. ஏன்னு கேட்டா "அது பிராண்டு சார்"ங்கறாங்க. நிஜமாவே என்னதான் வித்தியாசம்?

பதில்: பிராண்டு எல்லாம் இல்ல சார், ஒரே கம்பெனியே மூணு வகையும் செய்யுது. லெனோவோவ எடுத்துக்கோங்க, ஐடியாபேட் வீட்டுக்கு, திங்க்பேட் ஆபீசுக்கு. ஹெச்பில வீட்டுக்குப் பெவிலியன்னு இருந்துச்சு, 2024ல இருந்து அந்த எடத்துக்கு ஆம்னிபுக் வருது, ஆபீசுக்கு எலைட்புக். டெல்ல இன்ஸ்பிரான், லாட்டிட்யூட்னு இருந்துச்சு, 2025ல அந்தப் பேர எல்லாம் எடுத்துட்டு டெல், டெல் ப்ரோனு மாத்திட்டாங்க, பழைய ஸ்டாக் பழைய பேர்லயே இருக்கும், குழம்பிக்காதீங்க.

விஷயம் என்னன்னா, ஸ்டிக்கர்ல பெருசா போடுறது அந்த மூணு வரி மட்டும்தான், பிராசசர், ரேம், எஸ்எஸ்டி. விலையக் குறைக்கணும்னா ஸ்டிக்கர்ல வராத எடத்துலதான் கைய வைப்பாங்க. ஒவ்வொரு வகையிலயும் கைய வைக்கிற எடம் வேற, அத மட்டும் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா போதும், மத்த குழப்பம் தானா தீர்ந்துடும்.

பட்ஜெட்ல மொத அடி விழறது ஸ்க்ரீனுக்கு. ஸ்பெக் ஷீட்ட கடைசி வரைக்கும் படிச்சீங்கன்னா "250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி"னு ஒரு வரி இருக்கும். நிட்ஸ்ங்கறது வெளிச்சத்தோட அளவு, 250னா ரூமுக்குள்ள ஓகே, ஜன்னல் பக்கத்துல உக்காந்தா உங்க மூஞ்சிதான் தெரியும். அந்த 45%ங்கறது எவ்ளோ கலர் காட்டும்ங்கறது, கம்ப்யூட்டருக்கு வழக்கமா வச்சுக்கற எஸ்ஆர்ஜிபிங்கற கலர் கணக்குல பாத்தா சுமாரா 60 சதவீதம்தான் வரும். நல்ல சிவப்பு ரோஜா படம் ஒண்ண உங்க போன்ல ஓப்பன் பண்ணி, அதே படத்த அந்த லேப்டாப்லயும் தெறந்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. லேப்டாப்ல அது செங்கல் கலர்ல இருக்கும். அடுத்த அடி பேட்டரிக்கு, அப்புறம் மூடி மடங்குற கீலுக்கு, டச்பேடுக்கு, வெப்கேமுக்கு.

ஒல்லி லேப்டாப்ல ஸ்க்ரீன் பொதுவா நல்லா இருக்கும், பாடியும் அலுமினியமாவோ மெக்னீசியமாவோ இருக்கும். அங்க கைய வைக்கிறது பின்னாடி நீங்க எதையும் மாத்த முடியாதபடி. ரேம போர்டுலயே சால்டர் பண்ணிடுவாங்க. 8 ஜிபி வாங்குனா ஆயுசுக்கும் 8 ஜிபிதான். போர்ட்டும் ரெண்டு மூணுக்கு மேல இருக்காது, பென்டிரைவ் சொருகவே ஒரு ஹப் தனியா தூக்கிட்டுப் போகணும்.

பிசினஸ் மாடல்ல காசு போறது கீபோர்டு, கீல், சர்வீஸ் இந்த மூணுக்கும். கண்ணுக்குப் பளபளன்னு ஒண்ணும் தெரியாது. நெறைய பேருக்குத் தெரியாத இன்னொண்ணு சொல்றேன், பிசினஸ் மாடல்லயும் அடிமட்ட வேரியன்ட்ல அதே 45% மங்கலான ஸ்க்ரீன வச்சு விப்பாங்க. ஆபீசுக்கு மொத்தமா நூத்துக்கணக்குல வாங்குறவங்க எக்செல்தான பாக்கப் போறாங்கன்னு ஒரு நெனப்பு. அதனால ரெண்டு மடங்கு காசு குடுத்துட்டோம், ஸ்க்ரீன் நல்லாத்தான் இருக்கும்னு நம்பிடாதீங்க.

உங்க பொண்ணுக்கு என் கணக்கு இது: தெனமும் பையில தூக்கிட்டுப் போகப் போற பொண்ணு, அதனால 14 இன்ச், ஒன்றரை கிலோவுக்குள்ள, 300 நிட்ஸ்க்கு மேல, 16 ஜிபி. இது பட்ஜெட் வரிசையோட மேல் தட்டுலயே கெடைக்கும். மூணாவதா காட்டுன பிசினஸ் மாடலுக்கு ரெண்டு மடங்கு குடுக்க வேண்டிய அவசியம் இப்ப இல்ல.

கேள்வி: அண்ணா, ஐ3ஐ விட ஐ5, ஐ5ஐ விட ஐ7 நல்லது, அவ்ளோதானே? ஏன் அதுக்கு இவ்ளோ நம்பர் போடுறாங்க?

பதில்: அவ்ளோதான்னா நான் இந்தப் பகுதிய மூடிட்டுப் போயிருவேன் தம்பி! 2015ல வந்த இன்டெல் ஐ5 6200யுல ரெண்டே கோர், கோர்னா பிராசசருக்குள்ள வேலை செய்ற மூளைனு வச்சுக்கோங்க. 2023ல வந்த ஐ5 1335யு பத்து கோர். ரெண்டும் ஐ5தான். அதனால ஐ5னு மட்டும் யாராச்சும் சொன்னா அது பாதி தகவல்தான், பின்னாடி இருக்க நம்பரையும் கடைசி எழுத்தையும் சேத்துப் படிக்கணும். கடைசில யுனு இருந்தா 15 வாட் கணக்கு, பேட்டரி நிக்கும், சூடு கம்மி. ஹெச்னு இருந்தா 45 வாட், வீடியோ எடிட்டிங்குக்கு நல்லா இழுக்கும், ஆனா ஃபேன் சத்தமும் கேக்கும். பட்ஜெட்ல இப்ப ஹெச் சிப்ப சின்ன பேட்டரியோட போட்டு விக்கிறாங்க, அது பேருக்குத்தான் லேப்டாப், ப்ளக் பாயின்ட் பக்கத்துலயே உக்காந்திருக்கணும்.

ஐ3லயே ஒரு உள்குத்து இருக்கு. ஐ3 என்305னு ஒண்ணு வரும், எட்டு கோர்னு போட்டிருப்பாங்க, ஆனா எட்டும் சின்ன கோர், பெரிய கோர் ஒண்ணு கூட கெடையாது. ஐ3 1215யுல ஆறு கோர்தான், அதுல ரெண்டு பெரிய கோர். தெனசரி வேலைல எனக்கு ரெண்டாவதுதான் புடிக்கும், க்ளிக் பண்ண ஒடனே ஓப்பன் ஆகுறதுக்கு அந்தப் பெரிய கோர்தான் ஒழைக்குது. செலரான் என்4020னு பாத்தீங்கன்னா, ரெண்டே கோர், எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க. அதோட பெரும்பாலும் 64 ஜிபி இஎம்எம்சிங்கற, எஸ்எஸ்டிய விட மெதுவான ஸ்டோரேஜ்தான் வரும், விண்டோஸ் அப்டேட்டுக்கே எடம் பத்தாம திணறும்.

ஏஎம்டி கம்பெனியோட ரைசன் பிராசசர்லயும் இதே கூத்து. 7000 சீரிஸ்ல மூணாவது நம்பரப் பாருங்க, அதுதான் உள்ள இருக்க டிசைன் எந்தத் தலைமுறைனு சொல்லும். 7520யுல 2, அதாவது ஜென் 2, 2019ல வந்த டிசைன். 7530யுல ஜென் 3. 7540யுல ஜென் 4. மூணுமே ரைசன் 5, மூணுமே 7000, ஸ்டிக்கர் பாத்தா ஒரே மாதிரி. 7520யு போட்ட லேப்டாப்ல ரேமும் சால்டர்தான், பட்ஜெட் லேப்டாப்னா கண்டிப்பா ரேம் ஏத்திக்கலாம்னு நெனைக்காதீங்க.

ரேம் பத்தி இன்னொண்ணு. ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக் போட்டு விக்கிற லேப்டாப்ல கிராபிக்ஸுக்கு ரேம் பாதி வேகத்துலதான் கெடைக்கும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால அது இந்த ரேமத்தான் கடன் வாங்குது. இன்டெல்ல 11வது தலைமுறைல இருந்து ஐரிஸ் எக்ஸ்இனு நல்ல கிராபிக்ஸோட பேர ஸ்டிக்கர்ல ஒட்டியிருப்பாங்க, ஆனா ரேம் ஒத்த சேனல்ல, அதாவது ஒரே ஸ்டிக்ல இருந்தா விண்டோஸ்ல வெறும் யுஹெச்டி கிராபிக்ஸ்னுதான் காட்டும். காலியா ஒரு ஸ்லாட் இருந்தா இன்னொரு ஸ்டிக் சொருகுங்க, அந்தப் பிரச்சினையும் தீந்துடும்.

கேள்வி: நான் மெடிக்கல் ரெப். நாள் பூரா அலைச்சல். எடை கம்மியா, காலைல சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் நிக்கணும். விளம்பரத்துல 18 மணி நேரம், 20 மணி நேரம்ங்கறாங்க, நம்பலாமா?

பதில்: நம்புங்க, ஆனா அவங்க எப்புடி அளந்தாங்கன்னு அடில பொடி எழுத்துல இருக்கும், அதையும் படிங்க. ஸ்க்ரீன் வெளிச்சத்த 150 நிட்ஸ் கிட்ட கொறைச்சு வச்சுட்டு, ஏற்கனவே டவுன்லோடு பண்ணின ஒரு வீடியோவ லூப்ல ஓட விட்டு அளப்பாங்க. நீங்க வைஃபை, வீடியோ கால், இருபது டேப்னு வச்சுட்டு ஓட்டும்போது கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆகிடும்.

நீங்களே கணக்குப் போடலாம், கஷ்டமில்ல. ஸ்பெக்ல வாட் ஹவர்னு ஒரு நம்பர் இருக்கும், பேட்டரி எவ்ளோ கொள்ளும்னு சொல்றது அது. சாதாரண டைப்பிங், ப்ரவுசிங்க்கு யு வகை லேப்டாப் ஒண்ணு 7 வாட் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க. பட்ஜெட்ல வர்ற 42 வாட் ஹவர் பேட்டரிய ஏழால வகுத்தா 6 மணி நேரம், அதுவும் புதுசா இருக்கும்போது. எல்ஜி கிராம் 14 ஒரு கிலோவ ஒட்டித்தான் இருக்கும், அதுல 72 வாட் ஹவர் பேட்டரி. அதே கணக்குல பத்து மணி நேரம் தாண்டுது. ஒல்லின்னா பேட்டரி கம்மியாத்தான் இருக்கும்ங்கறது தப்பு.

மேக்புக் ஏர், 2020 நவம்பர்ல எம்1 சிப் வந்ததுல இருந்து, பேட்டரில தனி ரகம்தான். ஃபேனே கெடையாது, சத்தம் சுத்தமா இல்ல, 13 இன்ச் ஒண்ணேகால் கிலோ. 2024 அக்டோபர்ல இருந்து ஆரம்ப மாடல்லயே 16 ஜிபி ரேம் குடுக்குறாங்க, அதுக்கு முந்தின 8 ஜிபி பழைய ஸ்டாக்க தள்ளுபடினு தள்ளி விடுவாங்க, வேணாம். எம்1, எம்2 ரெண்டும் ஒரே ஒரு வெளி மானிட்டர்தான் தாங்கும்ங்கறதயும் மனசுல வச்சுக்கோங்க. ஃபேன் இல்லாததால வீடியோ எக்ஸ்போர்ட் மாதிரி நீண்ட வேலை குடுத்தா சூடாகி வேகத்தக் கொறைச்சுக்கும், உங்க வேலைக்கு அது பிரச்சினையே இல்ல.

விண்டோஸ்தான் வேணும்னா, 2024 செப்டம்பர்ல வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வகை சிப் போட்டது பேட்டரி நல்லா நிக்குது, ரேம் அதுல சிப் கூடவே ஒட்டி வருது, 16 இல்ல 32, அவ்ளோதான் சாய்ஸ். ஸ்னாப்டிராகன் எக்ஸ் போட்டதும் பேட்டரில கெட்டி, ஆனா அது வேற வகை சிப், உங்க கம்பெனி ரிப்போர்ட் போடுற சாஃப்ட்வேரு, விபிஎன், பழைய பிரிண்டர் டிரைவர் எல்லாம் அதுல ஓடுமான்னு ஆபீஸ் ஐடி ஆளுகிட்ட கேட்டுட்டு வாங்குங்க. கேக்காம வாங்குனா கம்பெனி ஆப்ப ஓட வைக்க நீங்கதான் அவங்க பின்னாடி அலையணும்.

அப்புறம் முக்கியமா, எடைய பாக்கும்போது சார்ஜரையும் சேத்துப் பாருங்க. யுஎஸ்பி சி வழியா 65 வாட்ல சார்ஜ் ஏறுற லேப்டாப்பா எடுத்தா ஒரே சின்ன சார்ஜர்ல போனும் ஏறிக்கும். பட்ஜெட் லேப்டாப்லயும் யுஎஸ்பி சி ஓட்டை இருக்கும், ஆனா பல மாடல்ல அது வெறும் டேட்டாவுக்கு மட்டும், சார்ஜும் ஏறாது மானிட்டரும் வராது. பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும், ஸ்பெக்ல பவர் டெலிவரி, டிஸ்ப்ளே போர்ட்னு ரெண்டு வார்த்தையும் இருக்கான்னு தேடுங்க.

கேள்வி: டச் ஸ்க்ரீன் தேவையா?

பதில்: வரையிறவங்களுக்குத் தேவை. மத்தவங்க ஒரு வாரம் தொட்டுப் பாப்பாங்க, அப்புறம் கைரேகை தொடைக்கிறதுதான் வேலை.

கேள்வி: வாங்கி ஒன்றரை வருசம்தான் சார் ஆச்சு, லேப்டாப்ப தெறக்கும்போது ஓரத்துல டப்புனு ஒடைஞ்சு பின் கவர் பொளந்துக்கிச்சு. நான் கீழ போடவே இல்ல. சர்வீஸ்ல "யூசர் டேமேஜ்"ங்கறாங்க. என் தப்பா?

பதில்: உங்க தப்பு இல்லம்மா, ஆனா வாரன்டி அட்டைய வச்சு வாதாடி ஜெயிக்கிறதும் கஷ்டம். உள்ள நடக்கறது இதுதான். கீல் இரும்பு. அத புடிச்சு வைக்கிற ஸ்க்ரூ எறங்கறது பித்தளைல சின்னதா ஒரு மரை, மொச்சக்கொட்ட சைஸ் கூட இருக்காது. அந்த மரைய மெல்லிசான பிளாஸ்டிக்ல சூடு பண்ணி அமுக்கி வச்சிருப்பாங்க. கீல் புதுசுல டைட்டா இருக்கும், நாளாக நாளாக சில கீல் இன்னும் இறுகும். நீங்க ஒரு ஓரத்தப் புடிச்சு தெறக்கும்போது மொத்த பலமும் அந்த ஒரு மூலைல இருக்க பித்தளை மேல போகும். ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக்ல முடி அளவுக்கு ஒரு கீறல். ஒரு நாள் மரை பிளாஸ்டிக்கோட பேந்துக்கிட்டு வந்துடும், அதுதான் நீங்க கேட்ட டப்பு.

இப்போதைக்கு மூடியே வைங்க, இல்லைன்னா தெறந்தே வைங்க, தெறந்து மூடி மூடி ஸ்க்ரீன் கேபிளையும் அறுத்துக்காதீங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா எபாக்சி போட்டு மரைய மறுபடி நிறுத்தி, கீலோட டைட்டையும் கொஞ்சம் தளர்த்திக் குடுப்பாரு. அத தளர்த்தாம ஒட்டி மட்டும் குடுத்தா மறுபடி ஒடையும், சொல்லி செய்ய வைங்க.

அடுத்த தடவ வாங்குறவங்க கடைலயே மூடிய நடுவுல புடிச்சு ஒரு வெரலால தெறந்து பாருங்க. அடிப்பாகம் சேந்து தூக்குனா கீல் ரொம்ப டைட்டு. கீபோர்டு நடுவுல ஜி, ஹெச் கிட்ட அமுக்குனா குழியுதான்னும் பாருங்க. மேல்தட்டு பிசினஸ் மாடல்ல கீல் உலோக ஃப்ரேம்ல போய் எறங்கும், அந்த ரெண்டு மடங்கு காசுல ஒரு பங்கு அங்கதான் போகுது.

கேள்வி: மிலிட்டரி கிரேடுனு எழுதியிருக்கே, அப்ப கீழ போட்டாலும் ஒடையாதா?

பதில்: எம்ஐஎல் எஸ்டிடி 810ஹெச்ங்கறது அமெரிக்க ராணுவம் எழுதி வச்ச சோதனை முறை, 2019ல வந்த பதிப்பு. அதுல தூசி, ஈரம், சூடு, அதிர்ச்சினு நெறைய சோதனை உண்டு, எதெத செய்றதுன்னு கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கலாம், ராணுவம் வந்து சர்டிபிகேட் குடுக்கறதில்ல. அதனால ஒரே முத்திரை பட்ஜெட் லேப்டாப்லயும் இருக்கும், விலை ஒசந்ததுலயும் இருக்கும். கீழ போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க!

கேள்வி: சின்ன பட்ஜெட்தான். புது பட்ஜெட் லேப்டாப்பா, இல்ல கம்பெனில இருந்து வர்ற பழைய திங்க்பேட், லாட்டிட்யூடா? நண்பன் செகண்ட் ஹேண்ட் வேணவே வேணாம்ங்கறான்.

பதில்: நண்பன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, ஆனா உங்க எடத்துல நான் இருந்தா பழைய பிசினஸ் லேப்டாப்தான். ஆபீஸ்கள்ல மூணு நாலு வருசத்துக்கு ஒரு தடவ மொத்தமா மாத்துவாங்க, அப்ப வெளிய வர்றது பாதி ஆயுசு கூட முடியாத மெஷின். கீபோர்டு, பேட்டரி, ஃபேன்னு எது போனாலும் பார்ட் கெடைக்கும், கழட்டுற விதம் படத்தோட கம்பெனி வெப்சைட்லயே சர்வீஸ் மேனுவலா ஃப்ரீயா கெடக்கும்.

ஆனா ஆழம் தெரியாம கால விட்றாதீங்க. மொதல்ல பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை செட்டிங். ஆன் பண்ணும்போதே எஃப்2 இல்ல எஃப்1 அமுக்கி பயாஸ் உள்ள போங்க, பாஸ்வேர்டு கேட்டா அந்த எடத்துலயே விட்டுட்டு வந்துடுங்க. திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தா கம்பெனி சொல்ற வழி மதர்போர்டயே மாத்துறதுதான். பயாஸ்லயே அப்சொல்யூட் இல்ல கம்ப்யூட்ரேஸ்னு ஒரு ஆப்ஷன் ஆக்டிவேட்னு இருந்தா அந்த மெஷின் இன்னும் பழைய மொதலாளியோட கண்ணுலதான் இருக்குனு அர்த்தம். அடுத்தது விண்டோஸ ஃபுல்லா ரீசெட் பண்ணி, நெட்ல கனெக்ட் பண்ணி செட்டப் ஓட்டிப் பாருங்க. அதுல ஏதாச்சும் ஒரு கம்பெனி பேர் போட்டு "வெல்கம்"னு வந்தா அது அந்த கம்பெனி கணக்குலருந்து விடுபடல. நெட் இல்லாம செட்டப் பண்ணிக் காட்டுறவங்க கிட்ட இந்த விஷயத்துல கூடுதலா கவனமா இருங்க.

பேட்டரிக்கு விண்டோஸ்லயே ஒரு பேட்டரி ரிப்போர்ட் எடுக்குற கமாண்ட் இருக்கு. டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டினு ரெண்டு நம்பர் வரும். ரெண்டாவது நம்பர் மொத நம்பர்ல 70 சதவீதத்துக்குக் கீழ போயிருந்தா புது பேட்டரிக்கும் சேத்துப் பேரம் பேசுங்க. ஸ்க்ரீன முழு வெள்ளை வச்சுப் பாருங்க, ஓரத்துல மஞ்சள் படிஞ்சிருக்கான்னு தெரியும்.

தலைமுறைல கறாரா இருங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, விண்டோஸ் 11க்கு இன்டெல் 8வது தலைமுறையாச்சும் வேணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் வேணும். அதுக்குக் கீழ இருக்கறத "11 போட்டுத் தரேன்"னு சொல்லி சுத்து வழில ஏத்திக் குடுப்பாங்க, ஓடும், ஆனா அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு இல்ல. நான் 8லயே நிக்காம 10, 11வதுக்கு மேல பாக்கச் சொல்லுவேன், ரைசன்னா 4000க்கு மேல.

மாடல் பேர்ல ஒரு எழுத்தும் வித்தியாசம் பண்ணும். திங்க்பேட் டி14ல ஒரு ரேம் ஸ்லாட்டாச்சும் இருக்கும், டி14எஸ்ல மொத்த ரேமும் சால்டர், அது ஒல்லிப் பிரிவுல சேந்தது. 2024ல வந்த டி14 ஐந்தாம் தலைமுறைல ரெண்டு ஸ்லாட் குடுத்தாங்க, ரிப்பேர் பண்றது எவ்ளோ சுலபம்னு கழட்டிப் பாத்து மார்க் போடுற ஐஃபிக்ஸிட் வெப்சைட் அதுக்குப் பத்துக்கு ஒம்பது குடுத்துச்சு, அது பழைய மார்க்கெட்டுக்கு வரும்போது நல்ல மெஷின். விலைய விட வாரன்டி எழுத்துல குடுக்குறாங்களான்னு பாருங்க, ஆறு மாசமாச்சும். குடுக்க மாட்டேன்னா உங்க நண்பன் சொல்றதக் கேளுங்க.

கேள்வி: ஏஐ பிசினு வருதே, அதுக்காக இப்ப வாங்காம காத்திருக்கவா?

பதில்: கோபைலட் பிளஸ் பிசிங்கற முத்திரைக்கு மைக்ரோசாஃப்ட் 2024ல வச்ச கணக்கு: 40 டாப்ஸ், அதாவது செகண்டுக்கு 40 லட்சம் கோடி கணக்கு போடுற என்பியு (பிராசசர்ல ஏஐ வேலைக்குன்னே இருக்க பகுதி), 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ். இதுல எனக்குப் புடிச்சது அந்த 16 ஜிபிதான், இதனாலயாச்சும் 8 ஜிபி விக்கிறத விடுவாங்க! சாட் மாதிரி நீங்க யூஸ் பண்ற ஏஐ எல்லாம் பெரும்பாலும் நெட் வழியா எங்கயோ இருக்க சர்வர்ல ஓடுது, அதுக்கு உங்க லேப்டாப்ல என்பியு இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். வேற காரணத்துக்காக நீங்க எடுக்குற மாடல்ல அது இருந்துச்சுன்னா இருந்துட்டுப் போகட்டும். வேலைக்கு இப்பவே லேப்டாப் தேவைன்னா இப்பவே வாங்குங்க.